கொடி என்ன?

1980களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வரும் கப்பலுக்குத் தண்ணீர், எண்ணெய், காய்கறி ஏற்பாடு செய்வது, மாலுமிகளுக்கு வந்த கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, இவைதான் வேலை. ஒருநாள் காலை டெலக்ஸில் ஒரு செய்தி: தென் சீனக் கடலில் மூழ்கவிருந்த படகிலிருந்து வியட்நாமிய அகதிகளை ஏற்றியிருக்கிறோம், குழந்தைகளும் உண்டு, நாளை மறுநாள் வந்துசேர்வோம்.

மேலாளர் எத்தனை பேர் என்றுகூடக் கேட்கவில்லை. "கொடி என்ன?" என்றார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதைக் கேட்டும் பயனில்லை என்பது அப்புறம்தான் விளங்கியது.

சிங்கப்பூர் அப்போது அந்த விஷயத்தில் கறார். 90 நாளுக்குள் இவர்களை அழைத்துக்கொள்கிறோம் என்று ஏதாவது ஒரு நாடு எழுதிக் கொடுத்தால்தான் கரையில் கால் வைக்க விடுவார்கள். பொதுவாகக் கப்பலின் கொடிக்குரிய நாடு, அதாவது கப்பல் பதிவான நாடுதான் அந்தக் கடிதத்தைத் தர வேண்டும். நார்வே என்றால் கவலையில்லை. இந்தக் கப்பலோ கிரேக்க முதலாளியுடையது, லைபீரியக் கொடி. செலவு குறைவு என்று வாங்கிய கொடி. லைபீரியாவை அது கண்ணால்கூடப் பார்த்திருக்காது. இப்படிப்பட்ட கப்பல்களுக்காகவே, இந்த அகதிகளைப் பற்றி 1979இல் நடந்த ஜெனீவா மாநாட்டையொட்டி, சில நாடுகள் சேர்ந்து பொறுப்பேற்க ஓர் ஏற்பாடு வந்திருந்தது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் வழியாகக் கடிதம் வரும். வரும்தான், உடனே வராது.

ஐந்து நாள் கப்பல் நங்கூரத்தில் கிடந்தது. முதலாளியின் டெலக்ஸ்களில் ஒரு நாள் தாமதத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கு மட்டும்தான். கிளிஃபர்ட் பியர் படகுத்துறையிலிருந்து லாஞ்சில் பால்மாவும் ரொட்டியும் கொண்டுபோனேன். கேப்டன் ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கடிதம்?" என்றார். இல்லையென்று தலையை ஆட்டினேன். சிறிய தீவு, எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது, சரி. ஆனால் அந்தத் தளத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்தவனுக்கு அந்த நியாயம் தொண்டையில் இறங்கவில்லை.

ஆறாம் நாள் கடிதம் வந்தது. செம்பவாங்கில் ஹாக்கின்ஸ் ரோட்டு அகதி முகாமுக்கு அவர்களை அனுப்பினார்கள்.

2001இல் டாம்பா என்ற கப்பல் கடலில் காப்பாற்றிய 433 பேரை இறக்கவிடாமல் ஆஸ்திரேலியா தடுத்து, அந்தக் கப்பலில் தன் படைவீரர்களை ஏற்றியபோது தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் நார்வேக் கொடி! எங்கள் காலத்தில் அந்தக் கொடி என்றால் மேலாளர் நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போய்விடுவார்.

அந்த லைபீரியக் கொடிக் கப்பலிலிருந்து அன்று கரையிறங்கிய பெரியவர் ஒருவர், மொழிபெயர்ப்பாளரிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். இந்தக் கப்பலுக்கு முன்னால் ஏழு கப்பல்கள் அவர்களைப் பார்த்தும் நிற்காமல் போனதாம். அதையும் அறிக்கையில் தட்டச்சு செய்திருந்தேன். மேலாளர் அந்த வரியை மட்டும் பேனாவால் அடித்தார்.

"அதில் ரெண்டு மூணு நம்ம கப்பலாக இருக்கும், தம்பி."