ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் கோடையில் மக்கர் செய்தபோது

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். துணியில் பிரிண்ட் எப்படி விழும் என்று ஆர்டர் கொடுக்கும் பையருக்குக் காட்ட, பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் டி-ஷர்ட்டை ரெண்டர் எடுப்பேன், அதாவது நிஜப் படம் போல உருவாக்குவேன். அதற்காகத்தான் ரைசன் 5 3600 பிராசஸரின் எல்லா கோர்களையும் 1.3 வோல்ட்டில் 4.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்திருந்தேன். 3200 வேகம் என்று விற்கப்பட்ட ரேம் 3600-இல் ஓடியது. இப்படித் தயாரிப்பாளர் வைத்த அளவைத் தாண்டி ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். மார்கழி, தை முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. பங்குனி வெயில் ஏறியதும் ஆரம்பித்தது.

ரெண்டர் பாதியில் இருக்கும்போது திரை கறுத்துத் தானாக ரீஸ்டார்ட் ஆகும். இல்லாவிட்டால் நீலத்திரை. ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட் என்று வரும், அடுத்த தடவை டபிள்யூஹெச்இஏ அன்கரெக்டபிள் எரர், அதாவது ஹார்டுவேர் பிழை. விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41. இந்த 41-ஐப் பார்த்ததுமே பவர் சப்ளையை மாற்றிவிடுகிறவர்கள் நிறைய. விண்டோஸ் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. ஏன் என்பது இருக்காது.

என்னைப் பயமுறுத்தியது இதெல்லாம் இல்லை. நல்ல ஜிப் ஃபைல் ஒன்றைப் பிரித்தபோது சிஆர்சி எரர் வந்தது, அதாவது பிரித்த டேட்டா மூலத்தோடு ஒத்துப்போகவில்லை. மெஷின் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். விழாமலே தப்பாகக் கணக்குப் போட்டு, அதை என் டிசைன் ஃபைலில் எழுதி வைத்தால்? அதனால் முதல் வேலையாக ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, லேப்டாப்பில் மாட்டி எல்லாவற்றையும் காப்பி எடுத்தேன். தள்ளாடுகிற மெஷினிலேயே பேக்கப் எடுத்தால் அந்த பேக்கப்பையும் நம்ப முடியாது.

"அண்ணா, வோல்ட்டேஜ் கொஞ்சம் ஏத்தி வுடுங்க, நின்னுருமுங்க" என்றான் தெரிந்த தம்பி ஒருவன். பரவலாகச் சொல்லப்படும் யோசனைதான். ஆனால் வோல்ட்டேஜை ஏற்றினால் சூடு அந்த வோல்ட்டேஜின் வர்க்கக் கணக்கில் ஏறும். கோளாறே சூட்டால் என்றால் இந்த வைத்தியம் நோயை வளர்க்கும். எது கோளாறு என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன்.

வேகமும் வோல்ட்டேஜும் வைக்கிற பயாஸ் செட்டிங் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு டிஃபால்ட்டுக்குத் திருப்பினேன். ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடியது, ஒரு தடங்கல் இல்லை. ஆக, பாகங்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஏற்றி வைத்த அளவில்தான் சிக்கல்.

அடுத்து பிராசஸரைத் தொடாமல் ரேமை மட்டும் 3600-க்கு ஏற்றி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வந்தன. 3200-இல் நான்கு சுற்றும் சுத்தம். ரேம் கெட்டுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் பிராசஸருக்குள்தான் இருக்கிறது. அந்த வேகம் அதற்குத் தாங்காமல் போனாலும் இதே வரிகள்தான் வரும். 3200-இலேயே நிறுத்திவிட்டேன்.

பிறகு ரேம் டிஃபால்ட்டில், பிராசஸர் மட்டும் 4.2-இல். பிராசஸரை முழுப் பாரத்தில் வாட்டும் பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு வொர்க்கர் (சோதனையின் ஒரு பகுதி) நின்றது: ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் கீழ். அதாவது ஒரு கோர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது. அப்போது சூடு 90 டிகிரியைத் தாண்டியிருந்தது. இந்தச் சில்லுக்கு 95 தான் உச்சம். அறையின் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் சில்லின் சூடும் ஏறக்குறைய அதே பத்து ஏறும். மார்கழியில் தேறிய செட்டிங் பங்குனியில் தேறாததற்கு அதுவே போதும். ஆனால் எனக்கு அது மட்டும் இல்லை.

கேபினெட்டைத் திறந்து கூலர் ஃபேனைக் கழற்றினால், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பனியன் பஞ்சு விளக்குத்திரி போலத் திரண்டு அடைத்திருந்தது. மேலோட்டமாகத் தூசி தட்டினால் தெரியாத இடம். பக்கத்துக் கட்டிடத்தில் கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் நடக்கிறது. இந்த ஊர்க் காற்றில் பஞ்சு இல்லாமல் இருக்காது. கம்பெனி கம்ப்ரெசரின் ஏர் கன்னால் அடித்துவிடலாம் என்றார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், வேண்டாம். கை புளோயர் போதும், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும்.

கூலரை எடுக்கும்போது ஒரு கவனம். ஏஎம்4 வகை மதர்போர்டில், சூட்டைக் கடத்தக் கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே பூசிக் காய்ந்துபோன பேஸ்ட், பிராசஸரைச் சாக்கெட்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளைந்துவிடும். மெஷினைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தேன். பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன்.

சூடு நன்றாக இறங்கியது. ஆனாலும் மத்தியான வெயிலில் நெடுநேரம் ஓட்டியபோது ஒரு வொர்க்கர் மறுபடி நின்றது. சூடு, வோல்ட்டேஜ் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் பார்த்தால், 1.3 என்று வைத்த வோல்ட்டேஜ் பாரம் ஏறும்போது 1.26-க்கு இறங்குகிறது. இந்த இறக்கத்தைக் குறைக்கும் லோட்லைன் செட்டிங்கை ஒரு படி உயர்த்தினால் அதைச் சமாளித்திருக்கலாம். நான் வேகத்தை 4.1-க்கு இறக்கினேன். ஒரு மணி நேர ரெண்டருக்கு ஒன்றரை நிமிஷம்தான் கூடுதல். பிழைப்பு ஓடுகிற மெஷினில் அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக மல்லுக்கட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கடைசியாக எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற விண்டோஸ் கமாண்டை ஓட்டினேன். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது. பையருக்கு அனுப்பியிருந்த டிசைன்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஒரு கலர் லேயர் சிதைந்திருந்தது. பிரிண்டிங் ஸ்கிரீன் போடுவதற்கு முன்பே கம்பெனிக்கு போன் செய்து நிறுத்தச் சொல்லி, சரியான ஃபைலை அனுப்பினேன்.