பழைய அரசு மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய அனுபவம்

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது என் தம்பிக்குக் கிடைத்த கணினி, அவன் வேலைக்குப் போன பிறகு செய்யாற்றில் இருக்கும் எங்கள் அப்பாவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சுற்றுவட்டார ஊர்களின் ஏரிகள், கோயில்கள், தெருப்பெயர்கள், முதியவர்கள் சொல்லக் கேட்ட செய்திகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக அந்தக் கணினியில்தான் தட்டச்சு செய்து சேர்த்து வருகிறார். அதில் இருந்த விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. குரோம் உலாவியும் 2023 தொடக்கத்தில் அந்த இயங்குதளத்தைக் கைவிட்டது. விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால், அது கேட்கும் 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் இந்தக் கணினியில் இல்லை. ஆனால் திரை, விசைப்பலகை, ஒலிபெருக்கி எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆகவே 2024 இறுதியில் அதை லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்ற முடிவு செய்தோம்.

உண்மையில் லினக்ஸ் அந்தக் கணினிக்குப் புதிதன்று. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், விண்டோஸுடன் சேர்ந்தே அதில் நிறுவப்பட்டுத்தான் வந்தது. கணினியைத் தொடங்கும்போது திரையில் தோன்றும் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி எப்போதும் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தேர்ந்தெடுத்ததில்லை, தேர்ந்தெடுத்தால் என்ன செய்யலாம் என்று சொல்லித்தரவும் ஆளில்லை. ஆகவே இந்த முறை, இயங்குதளம் ஏறிவிட்டதா என்பதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தேன். அப்பா மறுநாள் காலை அமர்ந்து தம் பழைய கோப்பைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தமிழில் தொடர முடிய வேண்டும். அது நடந்தால்தான் நிறுவல் முடிந்தது என்று பொருள்.

முதலில் கணினியின் நிலையை அறிய வேண்டியிருந்தது. இயங்கிக்கொண்டிருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் பதிப்பு மட்டுமே உள்ள ஒன்று என்பதால், கணினியும் 32 பிட்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பிட் என்பது ஒரே முறையில் கையாளும் தரவின் அளவு. இயங்குதளத்தின் பிட் வேறு, கணினியின் மூளையான செயலியின் (ப்ராசசர்) பிட் வேறு. இதிலிருந்த இன்டெல் பென்டியம் செயலி 64 பிட் வகையைச் சேர்ந்தது. இதைத் தெரிந்துகொள்வது மிகவும் தேவை, ஏனெனில் லினக்ஸ் வகைகளான உபுண்டு 17.10 பதிப்பிலும் லினக்ஸ் மிண்ட் 20 பதிப்பிலும் 32 பிட்டுக்கான வெளியீடு நின்றுவிட்டது. தேவையில்லாமல் 32 பிட் பதிப்பைத் தேடி அலைந்தால் நல்ல தேர்வுகள் பல கைநழுவிப் போகும்.

எந்த லினக்ஸ் என்பதில் டெபியன், லுபுண்டு, லினக்ஸ் மிண்ட் ஆகிய மூன்றையும் பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் இயக்கிப் பார்த்தேன். வன்தட்டில் எதையும் எழுதாமல் முழு இயங்குதளத்தையும் பழகிப் பார்க்கும் இந்த வசதியை யாரும் அவசரத்தில் தாண்டிச் செல்லக் கூடாது. வைஃபை, ஒலி, திரையின் வெளிச்சம், மூடியை மூடினால் கணினி உறங்கி எழுகிறதா என்பன எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். கடைசியில் எக்ஸ்எஃப்சிஇ என்னும் இலேசான திரைமுகப்புடன் வரும் மிண்ட் 22 பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. அருகில் உதவிக்கு ஆளில்லாத எழுபது வயதுக்காரர் பயன்படுத்தப் போகும் கணினிக்கு, இருப்பதில் மிக இலேசானது என்பதைவிட, புதுப்பிப்புகள் குழப்பமின்றி வரும் என்பதும், ஏதேனும் கெட்டுப்போனால் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் கொண்டு முந்தைய நிலைக்குத் திரும்பலாம் என்பதும்தான் எனக்கு முதன்மையாகப் பட்டன.

ரேம் குறித்து ஒன்றைச் சொல்ல வேண்டும். இலேசான லினக்ஸ் போட்டால் 2 ஜிபியே போதும் என்று பல இடங்களில் சொல்லப்படுவது பாதி உண்மைதான். மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ தொடங்கி நிற்கும்போது ஒரு ஜிபிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது என்பது சரி. ஆனால் இயங்குதளம் இலேசானதால் இணையப் பக்கங்கள் இலேசாகிவிடுவதில்லை. உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தவுடனே 2 ஜிபி நிரம்பிவிடுகிறது. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் பழைய 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்றும், வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும், சுழலும் பாகமில்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. ரேம் வாங்குகையில் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அக்காலத்துப் பென்டியம் கணினிகளுக்கு 1.5 வோல்ட் டிடிஆர்3 பொருந்தும். 1.35 வோல்ட் என்று குறிக்கப்பட்ட டிடிஆர்3எல் வகையும் 1.5 வோல்ட்டில் இயங்கும்படியே செய்யப்படுகிறது. ஆனால் 1.35 வோல்ட் மட்டும் தரும் பிற்காலக் கணினியில் 1.5 வோல்ட் ரேமைப் போட முடியாது. புதிய ரேமைப் பொருத்திய பிறகு, மிண்ட் பென்டிரைவின் தொடக்கப் பட்டியலிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டு, பிழை ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

எஸ்எஸ்டி வாங்கியதற்கு வேகம் மட்டும் காரணமன்று. லைவ் முறையில் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து 320 ஜிபி வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தபோது, பழுதால் இடம் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் (தட்டின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது, மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்களும் சில இருந்தன. பன்னிரண்டு ஆண்டு உழைத்த தட்டில் இது வியப்பில்லை. ஆனால் அப்பாவின் உழைப்பு முழுவதும் அந்த ஒரே தட்டில் இருந்தது என்பதை எண்ணியபோது வயிறு கலங்கியது. வேறு எதையும் தொடும் முன்பு, லைவ் முறையிலிருந்தே கோப்புகள் அனைத்தையும் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தேன். சில கோப்புகளில் நகலெடுப்பு நெடுநேரம் நின்று நின்று நகர்ந்தது. நல்லவேளையாக எதுவும் விட்டுப்போகவில்லை. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். அது ஏன் என்பது பின்னால் வரும்.

பிறகு பழைய தட்டைக் கழற்றி, அதன் தகரச் சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பொருத்தினேன். பழைய தட்டுகள் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் என்பதால், சட்டத்தில் திருகாணிகளைச் சரியாக முடுக்காவிட்டால் இணைப்பு தளர்ந்துவிடும். பழைய தட்டு கணினிக்கு வெளியே இருக்கும்போது நிறுவுவதில் பெரிய நிம்மதி இருக்கிறது. தட்டை அழித்து நிறுவு என்ற பொத்தானை அழுத்தும்போது, அழிவதற்கு உள்ளே எதுவுமே இல்லை. இரண்டு இயங்குதளங்களை ஒரே தட்டில் வைத்துக்கொள்ள வழி இருந்தாலும், ஆதரவு முடிந்த விண்டோஸை வைத்திருப்பதில் பயன் இல்லை என்பதால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

பதிவிறக்கிய ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பின் ஷா256 மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) அதை வெளியிட்டவரின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்ப்பதைப் பலரும் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மிண்ட் தளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், 17.3 பதிப்புக்கான இணைப்பைத் தீங்கான கோப்புக்குத் திருப்பிவிட்ட நிகழ்வு உண்மையில் நடந்தது. தளமே ஏமாற்றப்படும்போது அதில் எழுதியிருக்கும் ஷா மதிப்பையும் மாற்ற முடியும், ஆகவேதான் கையொப்பமும் தேவைப்படுகிறது. பென்டிரைவில் எழுதும்போது, இந்தக் கணினி யுஇஎஃப்ஐ என்னும் புதிய தொடக்க முறை இல்லாமல் பழைய பயாஸ் முறையில் தொடங்குவது என்பதால், ரூஃபஸ் செயலியில் அதற்கேற்ற எம்பிஆர் வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவல் என்று பெயர் பெற்ற பகுதி இவை அனைத்தையும்விடச் சிறியது. தட்டின் பகுதிகளான பார்ட்டிஷன்களை மட்டும் நானே பிரித்தேன்: இயங்குதளத்துக்கு 60 ஜிபி, மீதி முழுவதும் பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதிக்கு. 2029இல் ஆதரவு முடிந்து வேறு பதிப்பை நிறுவ நேர்ந்தால், முதல் பகுதியை மட்டும் அழித்துப் புதிதாக எழுதலாம், அப்பாவின் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்து கணினி மறுபடி தொடங்கியது.

அதன் பிறகு வந்த இரண்டு தடங்கல்கள், பழைய மடிக்கணினி வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடியவை. முதலாவது வைஃபை. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளுக்கான ட்ரைவரை (சில்லை இயக்கும் மென்பொருள்) தனியாகச் சேர்க்க வேண்டும், அதைச் சேர்க்கப் பொதுவாக இணையம் வேண்டும். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் டெதரிங் வசதியைப் போட்டால் லினக்ஸ் அதை உடனே பிணைய இணைப்பாக ஏற்றுக்கொள்கிறது. பின்பு ட்ரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்கினால் வைஃபை வந்துவிடும். இரண்டாவது தடங்கல் இதைவிட வினோதமாகத் தோன்றியது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் தொடங்கியபோது, எந்த இணையப் பக்கமும் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று மறுத்தது, புதுப்பிப்புகளும் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற செய்தியோடு நின்றன. திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தது. சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. கணினியின் கணக்கில் அவை இன்னும் பிறக்கவே இல்லை. கம்பி இணைத்த புதிய பேட்டரியைக் கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வாங்கிப் பொருத்தியதும் எல்லாம் சரியாயிற்று. இதற்காக இயங்குதளத்தையே மறுபடி நிறுவிக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் இதை விரித்து எழுதுகிறேன்.

இனி தமிழ். உள்ளீட்டுக்கு ஐபஸ் செயலியையும், அதனோடு இயங்கும் எம்17என் தொகுப்பையும் நிறுவ வேண்டும். ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால், தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் என எல்லா விசைப்பலகைகளும் பட்டியலில் இருக்கும். இளமையில் தட்டச்சு ஹையர் தேறிய அப்பா புதிய முறைக்கு மாறத் தயங்குவார் என்று நினைத்தேன். ஆனால் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் வலப்புறமும் அமைந்திருப்பதையும், புள்ளி பல இடங்களில் தானாகவே விழுவதையும் பார்த்தவுடன், தமிழ்99ஐயே பழகுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

பெரிய வேலை பழைய கோப்புகளில் இருந்தது. அவை அனைத்தும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அக்கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவத்தைத் தருவது எழுத்துரு மட்டுமே. லினக்ஸில் அந்த எழுத்துரு இல்லாததால், ஆவணங்களைத் திறக்கும் லிப்ரே ஆபிஸ் அவற்றை ஆங்கிலக் குவியலாகக் காட்டியது. அப்பாவின் முகம் ஒரு கணம் வாடிவிட்டது. முன்பே நகலெடுத்து வைத்திருந்த எழுத்துருக் கோப்பை ஹோம் பகுதியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டவுடன் பக்கங்கள் பழையபடி தமிழில் தெரிந்தன.

தெரிந்தால் மட்டும் போதாது, தேடவும் வரிசைப்படுத்தவும் அவை, தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் தரும் யுனிகோடுக்கு மாற வேண்டும். இந்த மாற்றம் ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தை வைக்கும் எளிய வேலையன்று. பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு, ககரம், கால் என மூன்றாகச் சேமிக்கப்படுகிறது, யுனிகோடிலோ ககரம் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வர வேண்டும். ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒரே உருவம் என்பதால், மாற்றித்தரும் செயலிகளில் 'கௌரவம்' 'கெளரவம்' (கெ, ள) ஆகிவிடுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. வாக்கியத்தின் நடுவே ஆங்கிலத்தில் அடித்த பெயர்களையும் ஆண்டுக் குறிப்புகளையும் அச்செயலி தமிழென்றே எண்ணிச் சிதைத்துவிடும். இதற்கு லிப்ரே ஆபிஸின் தேடி மாற்றும் பெட்டியில், சொல்லைக் கொடுக்காமல் எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்துத் தேடும் வசதி கைகொடுத்தது. பாமினியில் இருக்கும் பகுதிகள் மட்டும் தேர்வாகும், அவற்றை மட்டும் மாற்றினால் ஆங்கிலம் தப்பிவிடும். மாறிய ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டு அப்பாவே மெய்ப்புப் பார்க்கிறார். இந்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, பாமினி மூலங்களை அழிக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறோம்.

கணினியின் பேட்டரி முன்பே உயிரிழந்துவிட்டதால் அது மின்கம்பியில்தான் ஓடுகிறது, செய்யாற்றில் மின்வெட்டும் உண்டு. லினக்ஸ் கோப்புகளைத் தட்டில் அடுக்கி வைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை திடீர் நிறுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும் என்றாலும், சேமிக்காத பத்தியை அது காப்பாற்றாது. ஆகவே லிப்ரே ஆபிஸில் பத்து நிமிடமாக இருந்த தானியங்கி மீட்புச் சேமிப்பை இரண்டு நிமிடமாகக் குறைத்து, ஒவ்வொரு கோப்புக்கும் காப்பு நகல் வைக்கும் தேர்வையும் இட்டிருக்கிறேன். பழைய 320 ஜிபி தட்டு, வெளி வன்தட்டில் உள்ள நகல் இரண்டும் சென்னையில் என்னிடம் இருக்கின்றன. யுனிகோடுக்கு மாறிய கோப்புகளை மட்டும் மாதந்தோறும் ஒரு பென்டிரைவில் சேர்த்து அப்பா தனியே எடுத்து வைக்கிறார்.