மீட்ட நகைக்கு வட்டி

காலேஜ் கடைசி வருட ஃபீஸ் கட்ட அக்கா தன் மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துக் கட்டினேன். வேலை கிடைத்த முதல் வருடமே திருப்பியிருக்கலாம், கையில் பணம் சேர்ந்திருந்தது, ஆனால் அந்தப் பணத்தில் பைக் வாங்கினேன். ஏல நோட்டீஸ் வந்தது, கிழித்துப் போட்டேன். நகை மூழ்கிவிட்டது. அக்காவிடம் போய், பணத்தோடுதான் போனேன், அதற்குள் ஏலம் விட்டுவிட்டார்கள் என்று பொய் சொன்னேன். அவள் அப்படியே நம்பி, "போனாப் போகுது, நீ அதையே நினைச்சிட்டு இருக்காத" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பதினோரு வருடம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஆறுதல்தான்.

இதற்காக நான் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்காத வாரமே கிடையாது. ஆராதனையில் பாவ அறிக்கை முடிந்து ஆயர் பாவமன்னிப்புக் கூறும்போது எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்வேன், விசுவாசப் பிரமாணத்தில் பாவமன்னிப்பு உண்டென்று விசுவாசிக்கிறேன் என்றும் சத்தமாகச் சொல்வேன். உண்மையாகவே விசுவாசித்தேன், சபையில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அது உண்டு என்று. திங்கட்கிழமை மறுபடியும் அதே சங்கிலி. காணிக்கையைக் கூட்டினேன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் நாற்பது நாளும் ஒருவேளை உபவாசம் இருந்தேன், சண்டே ஸ்கூலில் பாடம் எடுத்தேன். தப்பான காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கடன் கழிக்கிற மனதோடுதான் செய்துகொண்டிருந்தேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயக் குரு ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பில் 1738 மே 24-ஆம் தேதிப் பகுதியைப் படித்தபோதுதான் முதல்முதலாகத் தடுமாறினேன். அன்றைக்கு அவர் குருவாகி ஏறக்குறையப் பத்து வருடம். ஆக்ஸ்ஃபோர்டில் உபவாசம், சிறையில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, கடல் கடந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவரை ஊழியம் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அன்று சாயங்காலம் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மனமில்லாமல்தான் போகிறார், அங்கே ஒருவர் வேதத்தில் உள்ள ரோமர் நிருபத்துக்கு, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருக்கிறார், ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, கிறிஸ்து என் பாவங்களை, ஆம், என்னுடைய பாவங்களையே நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வருகிறது. அந்த 'என்னுடைய' என்ற ஒரு வார்த்தை, அதைத்தான் நான் இத்தனை வருடம் சொல்லாமல் இருந்தேன். அப்புறம் அவர் எழுதியிருக்கிற இன்னொரு விஷயமும் எனக்கு உதவியது. அதே இடத்தில், இது விசுவாசமே இல்லை, அப்படியானால் உன் சந்தோஷம் எங்கே என்று சத்துருவாகிய பிசாசு கேட்டதாகவும், வீட்டுக்குப் போன பிறகும் சோதனைகள் வந்து மோதியதாகவும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். உணர்ச்சி குறைந்ததால் மன்னிப்புக் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை.

சரி, வேறு எதை நம்புவது? எபேசியர் 1:7-ஐச் சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறவன் நான். அதில் "பாவமன்னிப்பாகிய மீட்பு" என்று இருக்கிறது. மீட்பு! அடகு நகையைத் திருப்புவதற்கும் நம் ஊரில் அதே வார்த்தைதானே. முதலும் வட்டியும் கட்டி, ரசீதும் கையில் வாங்கின பிறகு, அடுத்த மாதம் எவனாவது அதே நகைக்கு வட்டி கட்டப் போவானா? நான் பதினோரு வருடம் போய்க்கொண்டிருந்தேன். 1 யோவான் 1:9-இல், அறிக்கையிட்டால் மன்னிக்கிறதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்று இருக்கிறது. இரக்கம் உள்ளவர் என்று எழுதியிருந்தால், இன்றைக்கு இரக்கப்படுவார், நாளைக்கு எப்படியோ என்று நான் பயந்திருப்பேன். யோவான் நீதி என்று எழுதுகிறார். சிலுவையில் செலுத்தியாகிவிட்ட ஒன்றை என்னிடம் இரண்டாம் தடவை வசூலிப்பது அவருடைய நீதிக்கே ஒத்துவராது. இது புரிந்த ராத்திரி முழங்காலில் நின்று, ஆண்டவரே, என்னுடைய பாவத்தையும் மன்னித்துவிட்டீர், எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அழுகை எதுவும் வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

அதற்கு முன்னால் அக்காவிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவே இருந்ததில்லை, சொன்னால் நான் யார் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்குத் தெரிந்து, அவர் மன்னித்தும் விட்டார் என்ற பிறகு அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. போய்ச் சொன்னேன். கோபப்பட்டாள், இரண்டு வாரம் பேசவில்லை. கோபப்பட அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. வேதத்தில் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னது இயேசு அவன் வீட்டுக்கு வந்த பிறகுதான், வரவைப்பதற்காக இல்லை. நான் அந்த மூன்று பவுனைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை ஒன்றரை ஆகியிருக்கிறது. அது அக்காவுக்கு நான் தரவேண்டியது, ஆண்டவருக்குக் கட்டுகிற வட்டி இல்லை.

போன ஞாயிறு திருவிருந்துக்கு அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்படியிட்டோம். கையை நீட்டும்போது சங்கிலி ஞாபகத்துக்கு வரத்தான் செய்தது. மறுபடி மன்னிப்புக் கேட்கவில்லை, ஸ்தோத்திரம் மட்டும் சொன்னேன்.