ஜூனோவுக்குத் துணையாக வியாழனைப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு

வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலத்துக்குத் துணையாகத் தரையிலிருந்து படமெடுத்து அனுப்புவதில், வானமும் தொலைநோக்கியும் தரும் தொல்லையைவிடத் தாள்களும் கடிகாரமும் தரும் தொல்லை அதிகம் என்பதை 2023-ஆம் ஆண்டின் இறுதியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொலைநோக்கியை நிறுத்துவது, வீடியோ எடுப்பது, வீடியோவின் ஃபிரேம்களை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்குவது ஆகியவை கோள்களைப் படமெடுக்கும் எவருக்கும் பழகியவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, என்னை அலைக்கழித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஒரு விண்கலம் பக்கத்திலேயே இருக்கும்போது சேலத்து மொட்டை மாடியிலிருந்து எடுக்கும் படம் எதற்கு என்று வீட்டில் உட்பட எல்லோரும் கேட்டார்கள். ஜூனோ நீண்ட நீள்வட்டப் பாதையில் செல்வதால், அந்தப் பருவத்தில் 38 நாட்களுக்கு ஒருமுறைதான் வியாழனின் மேகங்களை நெருங்கியது. அந்த நெருக்கமும் சில மணி நேரம்தான். அப்போது அது துருவத்திலிருந்து துருவம் வரை ஒரு குறுகிய பட்டையை மட்டுமே உற்றுப் பார்க்கிறது. அந்தப் பட்டைக்குக் கிழக்கிலும் மேற்கிலும் அன்று என்ன நடந்தது, அதில் தெரியும் புயல் போன வாரம் எங்கே இருந்தது, ஜூனோ அடுத்து நெருங்கிக் கடக்கும்போது எங்கே நகர்ந்திருக்கும் என்பனவற்றையெல்லாம் தரையிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டுதான் சொல்ல முடியும். ஹவாயின் மௌனா கேயா மலையில் உள்ள நாசாவின் 3.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, முதலில் வாயேஜர் பயணங்களுக்குத் துணையாகவே கட்டப்பட்டது. ஜூனோவுக்கும் அது உதவியிருக்கிறது. ஆனால் பெரிய தொலைநோக்கிகளில் இரவுகள் அளந்துதான் கிடைக்கும். வியாழனோ பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நமக்கு முன்னிரவாக இருக்கும்போது நம்மை நோக்கும் முகம், ஹவாயில் இருட்டுவதற்குள் மறுபுறம் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் நம் போன்றவர்களின் வேலை.

இதற்கு மிகவும் பயன்படுவது, 889 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை மட்டும் விடும் மீத்தேன் வடிகட்டி. அந்த அலைநீளத்தை வியாழனின் வளிமண்டலத்தில் உள்ள மீத்தேன் விழுங்கிவிடுவதால், உயரத்தில் இருக்கும் மேகங்களும் துருவ மூட்டமும் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். மற்றவை இருண்டு போகும். தென்னாப்பிரிக்காவின் கிளைட் ஃபோஸ்டர் 2020 மே 31 அன்று இதே வகை வடிகட்டியால்தான், வியாழனின் பெரும் புயலான பெரும் சிவப்புப் புள்ளிக்குத் தென்கிழக்கே அதற்கு முன் இல்லாத ஒரு பிரகாசமான புள்ளியைக் கண்டார். இரண்டே நாட்களில் ஜூனோ அதன் அருகே கடந்து சென்று படமெடுத்தது. அதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு அந்த வடிகட்டியின் மேல் ஆசை.

ஐரோப்பாவில் உள்ள விற்பனையாளரிடம் பணம் கட்டி, பொருள் இந்தியா வந்து சேர்ந்ததுவரை எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு கூரியர் நிறுவனத்தின் சுங்கப் பிரிவிலிருந்து ஆதார் நகல் கேட்டார்கள்; அனுப்பினேன். அதிகாரக் கடிதம் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அதன் பின் மௌனம். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து கதை கேட்டார். கடைசியில் இரவு ரயிலேறிச் சென்னைக்கே போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர், விலைப்பட்டியலில் 'மீத்தேன்' என்ற சொல்லை விரலால் அழுத்திக் காட்டி, "சார், கேஸ் ஐட்டத்துக்கு சேஃப்டி ஷீட் இல்லாம எப்படி சார் ரிலீஸ் பண்றது?" என்றார்.

இது எரிவாயு அல்ல, ஒன்றேகால் அங்குல வளையத்தில் பதித்த கண்ணாடி என்று நான் விளக்கியதும், மேலதிகாரி ஒருவர் வந்து அந்தச் சிறு பெட்டியைத் திறக்கச் சொன்னார். வடிகட்டியைக் குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அது அகச்சிவப்பை மட்டுமே விடும் கண்ணாடி. அவருக்குத் தெரிந்தது அவருடைய மூக்குக்கண்ணாடியின் பிரதிபலிப்புதான். "ஒண்ணுமே தெரியலையே, டேமேஜ் பீஸா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு விலை என்பதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்குத் திராணி இல்லை. அன்று வெறுங்கையோடு திரும்பினேன்.

பின்னர் விற்பனையாளரிடமிருந்து, இது வானியல் கேமராவுக்கான ஒளியியல் கண்ணாடி வடிகட்டி என்று ஒரு கடிதமும், 9002.20 என்ற சுங்கக் குறியீட்டோடு திருத்திய விலைப்பட்டியலும் வாங்கி அனுப்பிய பிறகே பொருள் நகர்ந்தது. அந்தக் குறியீடு ஒளியியல் வடிகட்டிகளுக்கு உரியது. வாங்கும்போதே, விலைப்பட்டியலில் குறியீட்டை எழுதி, பெயரில் 'மீத்தேன்' என்பதற்குப் பதிலாக '889 நானோமீட்டர் ஒளியியல் வடிகட்டி' என்று போடும்படி விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்தால் சென்னைப் பயணமும், வரியோடு சேர்த்து என்னிடம் கறந்த கிடங்கு வாடகையும் உங்களுக்கு மிச்சம்.

அடுத்த தலைவலி கடிகாரம். வியாழன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.6 பாகை சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது சுமார் 750 கிலோமீட்டர். படத்தின் நேரம் ஒரு நிமிடம் தவறினாலே, புயல் இருக்கும் தீர்க்கரேகையும் அந்த அளவுக்குத் தவறிவிடும். கோள்படங்களை அளக்க உதவும் வின்ஜூபோஸ் மென்பொருள் கோப்புப் பெயரில் நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு வரை நேரம் கேட்பது வீண் பிடிவாதமல்ல. மாடியில் இணையம் இல்லாமல் இயங்கிக்கொண்டிருந்த என் மடிக்கணினி, ஒத்திகை இரவுகளில் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தது. நிலவொன்றின் நிழல் வியாழனின் வட்டில் விழும் இரவாகப் பார்த்து, வின்ஜூபோஸ் அந்த நிமிடத்துக்கு வரைந்து காட்டும் நிழலின் இடத்தோடு என் படத்தை ஒப்பிட்டபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அதன் பிறகு, படமெடுக்கத் தொடங்கும் முன் கைப்பேசியின் இணையத்தை இணைத்துக் கணினியின் நேரத்தைச் சரிசெய்யாமல் நான் எதையும் தொடுவதில்லை. கோப்பில், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலக நேரம்தான் (UTC) இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் காலை ஐந்தரைக்குள் எடுக்கும் படங்களுக்குத் தேதியும் முந்தைய நாளுடையது. வீடியோ தொடங்கிய நேரத்தை அல்ல, அதன் நடு நேரத்தைக் குறிப்பிட வேண்டும்.

டிசம்பர் 30 அன்று ஜூனோ வியாழனின் அயோ நிலவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. வியாழனையும் அன்றே நெருங்கியது. சேலத்தில் இருட்டிய சிறிது நேரத்திலேயே வியாழன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நின்றது. தடித்த காற்றுப் படலத்தின் வழியே பார்க்க வேண்டியதில்லை என்பது நம் அட்சரேகைக்குக் கிடைத்த வரம். ஆனால் ஜெர்மன் வகைத் தாங்கி வைத்திருப்பவர்களுக்கு அதுவே தொல்லை: உச்சியைக் கடக்கும் நேரத்தில் தொலைநோக்கியை மறுபக்கம் புரட்ட வேண்டும், கேமரா தலைகீழாகும், குவியம் மீண்டும் பார்க்க வேண்டும். பகல் வெயிலைக் குடித்த காங்கிரீட் தளமும் முன்னிரவு முழுவதும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருந்ததால் வியாழனின் விளிம்பு நீருக்கடியில் இருப்பதுபோல் நெளிந்தது. மாலையிலேயே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதில் கொஞ்சம் அடங்கியது. மார்கழிப் பனி முன்கண்ணாடியில் படியாமல் இருக்க வெப்பப் பட்டை கட்டாயம்.

மீத்தேன் வடிகட்டியில் வியாழன் மிகவும் மங்கலாக இருக்கும். சிவப்பு வடிகட்டியில் ஒரு வீடியோ ஃபிரேமுக்குச் சில மில்லிநொடிகள் போதும் என்றால், இதில் நூறு மில்லிநொடியை நெருங்க வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லையைக் கழற்றிப் படத்தைச் சிறிதாக்கியதால் ஓரளவு வெளிச்சம் கிடைத்தது. திரையில் முதலில் ஒரு சாம்பல் உருண்டை. அடுக்கிய பிறகு இரு துருவங்களிலும் வெளிச்சத் தொப்பிகள், நடுவில் ஒரு வெண்பட்டை. குழல்விளக்கின் முன் ஒன்றுமே காட்டாத அதே கண்ணாடிதான்.

படங்களை அனுப்புவதற்கு, பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் பிவிஓஎல் என்ற கோள்படத் தொகுப்பு இருக்கிறது. ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பதிவு செய்வதில் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் படத்தைக் கூர்மையாக்கும்போது கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வேவ்லெட் அளவை ஏற்றினால் நண்பர்கள் பாராட்டுவார்கள். கோளின் விளிம்பில் போலிக் கோடு விழுந்து, விளிம்பை வைத்து அளவெடுப்பவருக்கு வட்டம் பொருந்தாமல் போகும். என் படங்களை அளந்து பார்த்த ஒருவர் சில நாட்களில் மின்னஞ்சல் அனுப்பினார். நேரம் சரியாக இருக்கிறது, மீத்தேன் படம் பயன்படும், பிப்ரவரி 3 கடப்புக்கும் எடுக்க முடியுமா என்பதே அதன் சாரம். அதை அச்செடுத்து அந்த எழுத்தருக்கு அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

பிப்ரவரி கடப்புக்குள், இருட்டும் முன்பே வியாழன் உச்சியைத் தாண்டி மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் படமெடுக்க நினைப்பவர்கள் இருட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பில் அந்தி வானம் கறுத்தே தெரியும். ஆகவே சூரியன் மறைந்ததுமே மீத்தேன் படத்தை முதலில் எடுத்துவிட்டு, வானம் இருண்ட பிறகு வண்ணப் படங்களுக்குப் போகலாம்.