தாத்தாவின் குழல் துப்பாக்கி

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் மரச்சீனிக் கிழங்கு தின்ன காட்டுப்பன்றி வரும். அதை விரட்ட, பயிர்ப் பாதுகாப்பு லைசென்சில் தாத்தா வைத்திருந்த துப்பாக்கி இப்போது என் பெயரில் இருக்கிறது. குழலின் வாய்வழியாகக் கரிமருந்து என்ற வெடிமருந்தை இடிக்கிற ஒற்றைக் குழல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை; குண்டு போடாமல் சத்தத்துக்கு மட்டும் வெடிப்பேன்.

கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிந்த பிறகு குழலுக்குள் படிகிற கரியிலும் பெரும்பகுதி உப்புதான்; காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமக்கோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. ஒரே ராத்திரி போதும், உள்ளே செம்பழுப்பு ஏறிவிடும். பலர் மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கிறார்கள். அது தப்பு. உப்பு தண்ணீரில்தான் கரையும்.

"மக்கா, வெடிச்ச கையோட கழுவணும், சோறு அப்புறம்" என்பார் தாத்தா. இளஞ்சூடான சோப்புத் தண்ணீர், கம்பியில் சுற்றிய பழைய வேட்டித் துணி. துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டார். பிறகு உலர்ந்த துணி, கடைசியில் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும். கேப்பு மாட்டுகிற முனையைக் கழற்றி அதையும் கழுவ வேண்டும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.

ஒரு தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கி, மாதங்கள் கழித்துத் துருவோடு திரும்பி வந்தது. அன்று எனக்கு அழுகையே வந்தது. இப்போது ஒப்படைக்கும் முன் குழலுக்குள் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிடுகிறேன். வீட்டில் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். மிஞ்சிய எண்ணெய் கேப்பு முனைப் பக்கம் தேங்காது. மறுபடி மருந்து போடுமுன் அதை ஒட்டத் துடைத்துவிடுவேன்.