பர்மாவில் இறந்த நம் ஊர்க்காரரின் உறவினர்களைத் தேடுகிறோம்

இரண்டாம் உலகப் போரில் பர்மா களத்தில் இறந்த நம் திருநெல்வேலிச் சீமைப் படைவீரர் ஒருவருக்கு நினைவுக்கல் நாட்டப்போகிறோம். அதை அவருடைய ரத்த உறவுதான் திறந்துவைக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம்.

யாங்கோன் அருகே தௌக்கியானில் இருக்கும் இரங்கூன் நினைவகத்தில், ஏறத்தாழ 27,000 பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. பதிவேட்டில் ஒரே வரி: அப்பா பெயர், ஊர், திருநெல்வேலி. ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்து, ‘குளம்’ என்று முடிவது மட்டுமே தெளிவு. நம் பக்கம் அப்படி எத்தனை ஊர்கள்! அன்றைய திருநெல்வேலியில் 1986இல் பிரிந்த தூத்துக்குடியும் 2019இல் பிரிந்த தென்காசியும் அடக்கம்.

பிழைக்கப் போனவர்கள்கூடப் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள். அங்கே பொங்கலிடும் பெரியவர்களிடம் கேளுங்கள்: “பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத தாத்தா யாரும் நம் வீட்டில் உண்டா?” டிரங்குப் பெட்டியில் பழைய பென்ஷன் காகிதமோ ஆறுமுனை வெண்கல நட்சத்திரப் பதக்கமோ கிடந்தால், படமெடுத்து உள்பெட்டியில் அனுப்புங்கள். அக்கா, தங்கை வழிப் பேரப்பிள்ளைகளும் எங்களுக்கு உறவுதான்.

சரிபார்க்க வேண்டியிருப்பதால் பெயரை இங்கே வெளியிடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதி அனுப்புங்கள்.