நான்கு செடிகளும் ஒரு விளக்கும்

ஒன்ராறியோவில் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17இல் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இதுதான் கணக்கு. வளர்ப்பவருக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், விதை உரிமம் பெற்ற கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், விளைந்ததில் ஒரு கிராம்கூட விற்கக்கூடாது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் இந்தச் சலுகையும் இல்லை. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் வீடு ஸ்காபரோவில். சொந்த வீடு, சின்னதாக ஒரு பின்வளவு. வாடகை வீடாகவோ அடுக்குமாடியாகவோ இருந்திருந்தால் ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துப் பார்த்திருப்பேன்.

எனக்குச் சனிக்கிழமை இரவில் கொஞ்சம் போதும். அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நான் வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரனின் மகன். முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்த கைக்கு மண் வேண்டும் போலிருந்தது. தக்காளி ஏற்கெனவே வைத்துப் பார்த்தாகிவிட்டது.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். 2022 ஏப்ரலில் ஜன்னலோரம் நான்கு முளை தலைகாட்டியபோதே என்னவென்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். தினமும் யாழ்ப்பாணத்துச் செய்தி வாசிப்பவர் அவர். “கேரள கஞ்சாவுடன் இருவர் கைது” என்ற தலைப்பை வாரம் ஒரு தரமாவது எனக்கு வாசித்துக் காட்டுபவர்.

“அங்கே பிடித்து மறியலில் போடுகிறார்கள். நீ இங்கே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறாயா, தம்பி?”

“இங்கே சட்டம் விட்டிருக்கிறது, அம்மா.”

“சட்டம் விடும். வீட்டுக்கு வருகிற சனம் விடுமா?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஓகஸ்ட் கடைசியில் பூ முற்றத் தொடங்கியதும் மணம் வேலி தாண்டும். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், பக்கத்து வீட்டில் மரநாய் ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார். நான் ஆம் என்று சொல்லிவிட்டேன்.

மே மாதம் விக்டோரியா தின வாரஇறுதியில் கன்றுகளை வெளியே நட்டேன். அதற்கு முன் வைத்தால் உறைபனி தின்றுவிடும் என்பது ரொறன்ரோவில் தோட்டம் வைக்கும் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. செடி நன்றாகவே வந்தது. ஜூன் கடைசியில் இங்கே பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம். அந்த வெளிச்சத்தில் கண் முன்னாலேயே வளர்கிற மாதிரி இருக்கும். ஜூலை நடுவில் இரண்டு செடிகள் வேலியை எட்டிவிட்டன. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

கஞ்சா வைத்தவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: செப்டெம்பரில் ஓர் இரவு யாரோ வேலி ஏறிக் குதித்து, வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். அதைக் கேட்டுக் கேட்டு நானும் களத்தில் இறங்கினேன். வேலி நெடுக மூங்கில் தட்டி கட்டினேன். பின்கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். சுவரில் கமராவும், ஆள் அசைந்தால் பளீரென்று எரியும் விளக்கும் பூட்டினேன். செப்டெம்பர் கடைசியில் மழை தொடங்கியபோது, இரவில் செடிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடினேன். மழையும் படாது, யார் கண்ணிலும் படாது.

முதலில் கெடுத்தது விளக்கு. கஞ்சா இரவின் நீளத்தை வைத்துப் பூக்கும் செடி. ஓகஸ்டில் இரவு நீளும்போது அதற்குக் காலம் தெரிந்துவிடும். மூன்று செடிகள் அப்படியே பூக்கத் தொடங்கின. சுவரோரம் நின்ற நான்காவது மட்டும் செப்டெம்பர் பிறந்தும் இலையாகவே தள்ளிக்கொண்டு நின்றது. சத்துக் குறையோ என்று உரம் போட்டேன், அசையவில்லை. பிறகு ஒருநாள் கமராவில் இரவு முழுவதும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு ரக்கூன் வருகிறது, விளக்கு எரிகிறது. பூனை வருகிறது, விளக்கு எரிகிறது. மறுபடி ரக்கூன். நடுச்சாமத்தில் அத்தனை தடவை முகத்தில் வெளிச்சம் அடித்தால் அந்தச் செடிக்கு எங்கே இரவு? அது இன்னும் ஜூன் மாதத்திலேயே இருந்தது. ஒக்ரோபரில் உறைபனி விழுந்தபோது அதில் அறுக்க எதுவும் இல்லை.

மற்ற மூன்றையும் கெடுத்தது நான் போட்ட விரிப்பு. ஒக்ரோபர் முதல் வாரம், காலையில் விரிப்பை நீக்கிக்கொண்டிருந்தேன். நடுத் தண்டின் உச்சியில் என் முழங்கை நீளத்துக்குத் திரண்டிருந்த பூக்குலை, வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரேயொரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகச் சோர்ந்திருந்தது. இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. குலையை விரலால் பிரித்தேன். உள்ளே தண்டு பழுப்பாகி மெழுகு போல நசிந்தது. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பஞ்சு. ஊதியதும் தூசியாகப் பறந்தது.

பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பந்தல் போட்டுத் திராட்சை வளர்ப்பவர். பார்த்த உடனேயே தலையை ஆட்டினார். திராட்சைக் குலையை அழுகவைக்கும் அதே சாம்பல் பூஞ்சணம், பொட்ரைற்றிஸ். காற்று ஓடாத இடத்தில் ஈரம் தங்கினால் போதும், உள்ளிருந்து தின்னும். என் மூங்கில் தட்டியைச் சுட்டிக்காட்டிக் காற்றை எங்கே விட்டிருக்கிறாய் என்று கேட்டார். புழு வேறு இருந்தது. மிளகைவிடச் சின்னதாகக் கறுத்த எச்சம் கிடந்த இடமெல்லாம் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது.

அழுகிய பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ள மனம் ஆசைப்படும். பூஞ்சணத்தைப் புகையாக நெஞ்சுக்குள் இழுக்க எனக்குத் துணிவில்லை. முக்கால்வாசியைக் கறுப்புப் பையில் கட்டி வெளியே போட்டேன். தப்பியதைச் சூடு கிடைக்கட்டும் என்று வீட்டுக் கொதிகலன் அறையில் தொங்கவிட்டேன். மூன்றே நாளில் மொறுமொறுப்பாகி, வைக்கோல் மணத்தது. அதுதான் 2022இன் அறுவடை. திருடன் கடைசிவரை வரவில்லை.

அம்மா அந்த வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: “கொப்பர் புகையிலையை இப்படியா காயவிட்டார்?”

அப்பா காயவிட்ட விதம் எனக்கு அப்போதுதான் நினைவில் எழுந்தது. கொட்டிலுக்குள் இருட்டு. வரிசையாகத் தொங்கும் இலைகள், இலைக்கு இலை இடைவெளி. தேங்காய்ப் பொச்சுப் போட்டு மெல்லிய புகை. அவசரம் என்பதே கிடையாது. நடுநரம்பு முறிகிறதா என்று அப்பா வளைத்து வளைத்துப் பார்ப்பார். ஒரு வேடிக்கை, புகையிலையில் அப்பா பூவைக் கண்டதும் கிள்ளி எறிந்துவிடுவார், இலை தடிக்க வேண்டுமென்று. நான் வளர்ப்பதில் இலைதான் குப்பை, பூதான் சரக்கு. ஆனால் காயவிடும் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பொச்சுப் புகை மட்டும் இங்கே வேண்டாம்.

2023இல் தட்டியைக் கழற்றினேன். வேலிக்கு மேலே தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. கிளைகளைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டி, உயரத்தை நெஞ்சளவில் நிறுத்திக்கொண்டேன். அகலமாகப் படர்ந்த செடிக்குள் வெயிலும் புகுந்தது, காற்றும் புகுந்தது. அடிக் கிளைகளையும் உள்ளே அடைத்துக்கொண்டிருந்த இலைகளையும் ஓகஸ்டுக்கு முன்னமே எடுத்துவிட்டேன். விதையையும் செப்டெம்பர் கடைசியில் முற்றிவிடும் இனமாகப் பார்த்து வாங்கினேன். இங்கே ஒக்ரோபர் மழையோடு பந்தயம் ஓடக்கூடாது. மழைக்கு மட்டும் மேலே ஒரு கூரை, நான்கு பக்கமும் திறந்தபடி. விடியற்காலையில் வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு கிளையையும் பிடித்து உலுக்கிப் பனியை உதிர்ப்பேன். இரவில் நெற்றிவிளக்குப் போட்டுக்கொண்டு புழு பொறுக்குவது மனைவியின் வேலையானது. அவருக்கு இந்தச் செடி பிடிக்காது, புழு அதைவிடப் பிடிக்காது.

முற்றியதா என்பதைப் பார்க்க நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு கண்ணாடி வாங்கினேன். பூவின் மேல் நுண்ணிய குண்டூசித் தலைகள் போல் பிசின் மணிகள் நிற்கும். முதலில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பிறகு பால் நிறமாகும், அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் நிறம் ஏறும். பால் நிறம் நிறைந்ததும் உச்சிக் குலைகளை மட்டும் அறுத்தேன். கீழே உள்ளவற்றை இன்னும் ஒரு வாரம் நிற்க விட்டேன். முழுச் செடியையும் ஒரே நாளில் வெட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டு குலைகளில் மட்டும் சாம்பல் கண்டது. அன்றே வெட்டி எறிந்தேன்.

நிலவறையில் ஓர் அறையை இருட்டாக்கிக் கயிறு கட்டினேன். குளிர்ந்த அறை, 18 பாகை போல. மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், காற்று நேரே பூவில் படாதபடி. எட்டாம் நாள் கிளைகள் காய்ந்துவிட்டன என்று எனக்குத் தோன்றியது. அம்மா படியில் மெல்ல இறங்கி வந்து ஒரு காம்பைப் பிடித்து வளைத்தார். அது வளைந்தது, முறியவில்லை.

“இன்னும் கிடக்கட்டும்.”

பதினொன்றாம் நாள் அதே காம்பு சடக்கென்று முறிந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். அந்தச் செடியை அவர் தொட்டது அந்த இரண்டு தடவைதான்.

ஊறுகாய்ப் போத்தல்களில் முக்கால் பங்கு நிரப்பினேன். முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு தடவை திறந்து மூடினேன். ஒரு போத்தலைத் திறந்தபோது அமோனியா போல மூக்கில் ஏறியது. அதைக் கொட்டிப் பரப்பி இன்னும் ஒருநாள் காயவிட்டதும் சரியாயிற்று. வீட்டில் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பு இந்த மாகாணத்தில் இல்லை. வெளியே கொண்டுபோனால் 30 கிராம்தான். எல்லாப் போத்தலும் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. தங்கையின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள். பார்த்ததையெல்லாம் வாயில் போடும் வயது. திறப்பு என் கழுத்துச் சங்கிலியில்.

சுவரில் பூட்டிய விளக்கைக் கழற்றி இத்தாலியக் கிழவருக்குக் கொடுத்துவிட்டேன். அவருடைய திராட்சைப் பந்தலுக்கும் ரக்கூன் வருகிறதாம். எங்கள் வேலிப் பக்கம் திருப்பக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.